எலிக்கு ஒரே ஊசில நிமோனியா போச்சாம், எங்க குட்டிக்கு மட்டும் ஏன் போகல? (பிளாஸ்மா, ஆன்டிபாடி பத்தி)

மூய்ரிவர்_குதிரைக்காரன்
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். தமிழ் டைப் பண்றது எனக்கு மெதுவாதான் வரும், ஆயா பேசின தமிழும் சனிக்கெழம கோயில் க்ளாஸ்ல படிச்சதும் தான் சொத்து, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. நான் தென்னாப்பிரிக்கால மிட்லேண்ட்ஸ்ல ஒரு அரேபியன் குதிரை பண்ணையில வேல செய்றேன், பதினாலு வருஷமா. போன அக்டோபர்ல எங்க ராணி ஒரு குட்டி போட்டுச்சு, சிட்டுனு பேரு வச்சோம். நல்லா எழுந்து நின்னுச்சு, ரெண்டு மணி நேரத்துல சீம்பால் குடிச்சுச்சு, மறுநாள் ரத்தத்துல ஐஜிஜி (கிருமிய புடிக்கிற ஆன்டிபாடில ஒரு வகை) பாத்தா 800க்கு மேலயே இருந்துச்சு, வெட் பாஸ் போட்டுட்டு போய்ட்டாரு.

ஏழாவது வாரம் மூக்கு ஒழுக ஆரம்பிச்சுச்சு. அப்றம் இருமல், காய்ச்சல், மூச்சு வாங்குது. ஆன்டிபயாட்டிக் போட்டாங்க, கொஞ்சம் தேவல, நிறுத்தினா திரும்ப வருது. கடைசில ஒரு பெரிய ஜெல்டிங்லேந்து (காயடிச்ச குதிரை) பிளாஸ்மா, அதாவது ரத்தத்துல செல்லு போக மிச்ச தண்ணி, எடுத்து ஏத்தினாங்க. சாமி சத்தியமா சொல்றேன், பத்து நாளு குட்டி குட்டியா இருந்துச்சு, ஓடுச்சு, உதைச்சுச்சு. பதினோராவது நாள் திரும்ப படுத்துக்கினு இருக்கு. இன்னொரு தடவ ஏத்தினோம், அது நாலே நாள் தான். ஜனவரில போயிடுச்சு, நாலு மாசம் கூட ஆகல. அறுத்து பாத்தப்ப நுரையீரல் பூரா அடினோவைரஸ்னும் தைமஸ்னு எதிர்ப்பு சக்தி செல்லு வளர்ற சுரப்பி ஒண்ணு இருக்கணுமாம் அது இருந்த எடமே தெரியலன்னும் சொன்னாங்க. ஸ்கிட்டாம் அது, பொறக்கும்போதே எதிர்ப்பு சக்தி இல்லாத பரம்பரை வியாதி.

இப்ப கேள்வி. எங்க முதலாளி மகன் ஒரு பேப்பர் காட்டினான், இதே ஸ்கிட் இருக்கிற எலிக்கு ஃப்ளூ நிமோனியா குடுத்து ஒரே ஒரு ஆன்டிபாடி ஊசி போட்டு எல்லாத்தயும் பொழைக்க வச்சிருக்காங்கனு. அப்ப எங்களுது மட்டும் ஏன் போச்சு? டோஸ் கம்மியா? லேட்டா? இல்ல பிளாஸ்மாவே சரியில்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரி தூக்கம் வரல.


வெட்நர்ஸ்_மாரிட்ஸ்பர்க்
திங்கள், இரவு 10.15

அண்ணா, முதல்ல ரொம்ப வருத்தமா இருக்கு. நான் ரெண்டு ஸ்கிட் குட்டிங்கள பாத்திருக்கேன், ரெண்டும் இதே கதை தான். முதல் ஒண்ணரை ரெண்டு மாசம் அம்மா சீம்பால்ல வந்த ஆன்டிபாடில ஓடும், பாக்க எல்லா குட்டி மாதிரியே இருக்கும், அந்த ஐஜிஜி டெஸ்ட்ல நீங்க பாத்தது எல்லாம் ராணியோட சரக்கு, சிட்டுவோடது ஒரு துளி கூட கிடையாது. குதிரைக்கு நஞ்சுக்கொடி வழியா ஆன்டிபாடி போகாது, மனுஷக்குழந்த மாதிரி இல்ல, முழுக்க முழுக்க சீம்பால் தான், அதுவும் முதல் நாளுக்குள்ள. அது கரைய கரைய உள்ள ஆள் இல்லாத வீடு. மூணு நாலு மாசம், அஞ்சு மாசத்துக்கு மேல போறதே இல்ல.

யாரும் தப்பு பண்ணல. ஆனா ஒண்ணு கேக்கணும், அப்ப லிம்போசைட் (எதிர்ப்பு சக்திக்கான வெள்ளை அணு) கவுண்ட் எடுத்தாங்களா? திரும்ப திரும்ப 1000க்கு கீழ வந்தா அப்பவே சந்தேகப்படணும். இன்னொண்ணு ஐஜிஎம், அது வேற வகை ஆன்டிபாடி. சாதாரண குட்டி பொறக்கும்போதே கொஞ்சம் ஐஜிஎம் சொந்தமா வச்சிருக்கும், ஸ்கிட் குட்டிக்கு அது இருக்காது, அம்மாகிட்டேந்து வந்த ஐஜிஎம்மும் சீக்கிரம் தீந்துடும், ஒரு மாசத்துக்கு மேல பாத்தா பூஜ்யம்.


மூய்ரிவர்_குதிரைக்காரன்
திங்கள், இரவு 10.31

கவுண்ட் ரெண்டு தடவ எடுத்தாங்க. கம்மினு தான் வந்துச்சு. "இன்ஃபெக்‌ஷன் இருக்கு அதான்"னு சொன்னாங்க. பேர் சொல்ல விரும்பல, நல்ல மனுஷன் தான்.


சாட்ஸ்வர்த்_வாத்தியார்
செவ்வாய், காலை 6.05

தம்பி, நான் ரிட்டயர் ஆன ஆளு, வைத்தியம் தெரியாது, பள்ளிக்கூடத்துல சயன்ஸ் நடத்தினவன். இந்த ஸ்கிட் எலி விஷயத்த யாராச்சும் கொஞ்சம் விளக்கினா நல்லா இருக்கும். ரத்தத்த எடுத்து இன்னொரு உயிருக்கு ஏத்தி காப்பாத்தறது பழைய வித்தை தானே, பேரிங்கும் கிட்டசாட்டோவும் 1890லயே செஞ்சது, நம்ம ஊரு பாம்புக்கடி மருந்து இன்னைக்கும் குதிரை ரத்தத்துலேந்து தான் வருது. அப்புறம் பிரிட்டோரியால பொறந்த மேக்ஸ் தெய்லர், மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசிக்கு 1951ல நோபல் வாங்கினாரே, அவரும் எலிய வச்சு தான், வைரஸயும் ஒருத்தர் ரத்த சீரத்தயும் சேத்து எலிக்குள்ள போட்டு எலி செத்தா சீரத்துல ஆன்டிபாடி இல்ல, பொழைச்சா இருக்கு. அவங்க அப்பா ஆர்னால்ட் தெய்லர் தான் 1908ல ஆண்டர்ஸ்டபோர்ட் கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாரு, நீங்க வருஷா வருஷம் போடற ஹார்ஸ் சிக்னஸ் ஊசி வர்ற எடம். விஷயத்துக்கு வெளிய போறேன், மன்னிக்கணும், காலைல டீ உள்ள போனா இப்படித்தான்.


சுண்டெலி_டர்பன்
செவ்வாய், மதியம் 1.20

லஞ்ச் ப்ரேக்ல எழுதறேன். நான் டர்பன்ல லேப் அனிமல் பக்கம் வேல பாக்கறவ, மதுரைலேந்து வந்து ஒன்பது வருஷம். அண்ணா சொல்ற பேப்பர் எனக்கு நல்லா தெரியும், 1995ல வந்தது, பிலடெல்பியால விஸ்டார் இன்ஸ்டிட்யூட்ல செஞ்சது. அத ஒழுங்கா படிச்சா உங்க கேள்விக்கு பாதி பதில் அதுக்குள்ளயே இருக்கு, ஆனா மேலோட்டமா படிச்சா "ஒரே ஊசி, நூத்துக்கு நூறு"னு தான் மண்டைல நிக்கும், அங்கதான் எல்லாரும் ஏமாறது.

முதல்ல எலி. ஸ்கிட் எலி 1983ல அதே ஊர்ல ஃபாக்ஸ் சேஸ்ல மெல்வின் போஸ்மா கண்டுபிடிச்சது, தொத்தின செல்ல கொல்ற டி செல்லும் கிடையாது, ஆன்டிபாடி செய்ற பி செல்லும் கிடையாது. கெட்டுப்போன ஜீன் உங்க அரேபியன் குட்டியோட அதே ஜீன் தான், டிஎன்ஏ ஒடஞ்சா ஒட்டவைக்கிற ஒரு பெரிய புரோட்டீனுக்கானது, எலில ஒரு எழுத்து மாறியிருக்கு, குதிரைல அஞ்சு எழுத்து விழுந்துபோயிருக்கு. ஆன்டிபாடி ஜீன வெட்டி ஒட்டி விதவிதமா செய்யறதுக்கு அந்த புரோட்டீன் வேணும், அது இல்லன்னா பி செல்லும் வளராது டி செல்லும் வளராது. குதிரைல இது எலிய விட மோசம், எலில வயசாக ஆக அங்க இங்க ரெண்டு பி செல்லு கசிஞ்சு வரும், குட்டிக்கு அதுவும் வராது.

அந்த எலிங்களுக்கு பிஆர்8னு ஒரு ஃப்ளூ வைரஸ், 1934ல போர்ட்டோ ரிக்கோல எடுத்தது, நுரையீரல் பூரா குடுத்தாங்க. சும்மா விட்டா 10 சதவீதம் கூட பொழைக்கல. வைரஸோட தலைல இருக்கிற ஹீமாக்ளூட்டினின்ங்கற புரோட்டீன புடிக்கிற மோனோகுளோனல் ஆன்டிபாடிங்க (லேப்ல ஒரே குறிக்குனு செய்றது) சிலத கலந்து வயித்துக்குள்ள ஒரே தடவ, 175 மைக்ரோகிராம் இல்ல அதுக்கு மேல, போட்டா எல்லா எலியும் பொழைச்சுது. தொத்தி ஏழு நாள் கழிச்சு போட்டாலும் பொழைச்சுது, நல்லா கவனிங்க, ஏழு நாள். அப்ப லேட்டுங்கறது மட்டும் காரணமா இருக்க முடியாது.

மீதி சாயங்காலம், சூப்பர்வைசர் வர்றாங்க.


வெறும்வாய்_மெல்பவன்
செவ்வாய், மதியம் 2.02

எலிய கொடும பண்ணி என்ன கண்டுபிடிச்சீங்க, கடைசில குட்டி செத்துதானே போச்சு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு புகை போட்டிருந்தா நுரையீரல் க்ளீனாகியிருக்கும்.


வெட்நர்ஸ்_மாரிட்ஸ்பர்க்
செவ்வாய், மதியம் 2.10

மூச்சு வாங்கற குட்டிக்கு புகையா?? தயவுசெஞ்சு யாரும் இத செய்யாதீங்க.


சுண்டெலி_டர்பன்
செவ்வாய், இரவு 8.45

வந்துட்டேன். லோட்ஷெடிங் இல்ல இன்னைக்கு, அதிசயம்.

அந்த பேப்பர்ல எனக்கு ரொம்ப புடிச்ச எடம் எதுன்னா, ஆன்டிபாடில எந்த ஜாதின்னு பிரிச்சு பாத்தது தான். எல்லாமே அதே வைரஸ டெஸ்ட்ட்யூப்ல செயலிழக்க வைக்கிறது தான், ஆனா ஐஜிஜி எந்த வகையா இருந்தாலும் எலிய குணப்படுத்துச்சு, ஐஜிஎம்மும் ஐஜிஏங்கற இன்னொரு வகையும் குணப்படுத்தல. ஐஜிஎம் உடம்புல சீக்கிரம் தீந்துடுது அதனாலயோன்னு திரும்ப திரும்ப குடுத்தும் பாத்துட்டாங்க, ஊஹூம். ஆனா வைரஸுக்கு முன்னாடியே குடுத்து வச்சா அதே ஐஜிஎம்மும் ஐஜிஏவும் தொத்தாம காப்பாத்துது! தடுக்கறது வேற, வந்த வியாதிய தொரத்தறது வேறங்கறது இதுல பளிச்னு தெரியும்.

ஏன்? ஐஜிஎம் அஞ்சு ஐஜிஜிய ஒண்ணா கட்டின மாதிரி ஒரு மலை, எடைல ஐஜிஜி 150ன்னா அது 900க்கு மேல. ரத்தக்குழாய்லேந்து நுரையீரல் காத்துப்பைக்குள்ள கசிஞ்சு போறதுக்கு ஐஜிஜியால முடியும், அதால முடியாது. ஐஜிஏவ தூக்கிட்டு போக மூச்சுக்குழாய் செல்லுங்க கிட்ட தனி ஆளு இருக்கு, ஆனா ஆழமா வைரஸ் இருக்கிற எல்லா மூலைக்கும் அது போய் சேரல போலருக்கு. அவங்களும் "இப்படி இருக்கலாம்"னு தான் எழுதினாங்க, சத்தியம் பண்ணல.

இன்னொரு டெஸ்ட், எம்2னு வைரஸ்ல இன்னொரு புரோட்டீன், அதுக்கான ஒரு ஐஜிஜி. தொத்தின செல்லு மேல நல்லா ஒட்டும், டெஸ்ட்ட்யூப்ல வைரஸ் வளர்ச்சிய அடக்கும், ஆனா வைரஸ நேரா முடக்காது. அது எலிய குணப்படுத்தல. ஐஜிஜியோட வால வெட்டிட்டு, அதாவது மத்த செல்லுங்கள கூப்பிடற பாகத்த எடுத்துட்டு குடுத்தா குணமாச்சு, கொஞ்சம் சக்தி கம்மி அவ்ளோதான். இத ரெண்டையும் சேத்து பாத்தா என்ன அர்த்தம்னா, ஆன்டிபாடி போய் தொத்தின செல்ல கொல்லல. வெளிய வர்ற ஒவ்வொரு புது வைரஸயும் புடிச்சு வச்சுக்குது, தொத்தின செல்லுங்க எல்லாம் தானா சாகற வரைக்கும்.


சாட்ஸ்வர்த்_வாத்தியார்
செவ்வாய், இரவு 9.30

//தொத்தின செல்லுங்க எல்லாம் தானா சாகற வரைக்கும்//

அம்மா, இது எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு. எங்க தாத்தா டோங்காட் பக்கம் கரும்புத்தோட்டத்துல இருந்தவரு. வெட்டுக்கு முன்னாடி கரும்புக்கு தீ வைப்பாங்க, சுத்தி வெறும் மண்ணா ஒரு பட்டை விட்டு வச்சிருப்பாங்க ஃபயர்பிரேக்குனு. எரியிறத யாரும் அணைக்க மாட்டாங்க, அது எரிஞ்சு தானா அடங்கும், பொறி அடுத்த காட்டுக்கு தாவாம பாத்துக்கிறது தான் வேலயே. ஐஜிஜி அந்த பட்டை. சரிதானா?


சுண்டெலி_டர்பன்
செவ்வாய், இரவு 9.41

ஐயா இத நான் திருடிக்கிறேன், அடுத்த ட்ரெய்னிங்ல சொல்லப்போறேன் :)

அண்ணாவோட கேள்விக்கு இங்கதான் திரும்பணும். ஃப்ளூ தொத்தின செல்லு ரொம்ப நாள் தாங்காது, செத்துடும். அதனால ஒரு ஊசி ஐஜிஜி ரத்தத்துல இருக்கிற காலத்துக்குள்ளயே தீ அடங்கிடும், எலிக்கு டி செல்லே இல்லன்னாலும் ஜெயிச்சுடும். ஆனா எரிஞ்சு முடியாத காடா இருந்தா? உள்ள எங்கயோ புகைஞ்சுக்கிட்டே இருந்தா? பட்டைல புல்லு மொளச்ச அன்னைக்கு திரும்ப தாவும். ஆர்எஸ்வினு கொழந்தைங்களுக்கு வர்ற நுரையீரல் வைரஸ், அத பருத்தி எலினு ஒரு அமெரிக்க காட்டெலில ஆராய்ச்சி பண்ணுவாங்க. மருந்து குடுத்து எதிர்ப்பு சக்திய அமுக்கி வச்ச பருத்தி எலிக்கு ஆன்டிபாடி ஒரு தடவ குடுத்தா வைரஸ் இறங்கும், ஆன்டிபாடி கொறஞ்சதும் திரும்ப ஏறும். தொடர்ந்து பல தடவ குடுக்கணும். கொழந்தைங்களுக்கு 1998ல வந்த பாலிவிசுமாப்னு ஆர்எஸ்வி ஆன்டிபாடி ஊசிய மாசா மாசம் போட்டதும் அது ஒடம்புல கரைஞ்சுக்கிட்டே போறதால தான், அதுவும் வர்றதுக்கு முன்னாடி தடுக்கத்தான், வந்தப்புறம் வைத்தியத்துக்கு இல்ல.

அடினோவைரஸ் அந்த புகைஞ்சுக்கிட்டே இருக்கிற ரகம். ஸ்கிட் குட்டில நுரையீரல் மட்டும் இல்ல, கணையம் வரைக்கும் போயிருக்கும். அங்கேந்து டி செல்லு தான் போய் வேரோட புடுங்கணும், அது சிட்டுக்கு இல்ல.


மூய்ரிவர்_குதிரைக்காரன்
செவ்வாய், இரவு 10.20

கணையம்னு ரிப்போர்ட்ல இருந்துச்சு அக்கா. எனக்கு அது ஏன்னு அப்ப புரியல. மூக்குல இருக்கிற வியாதி வயித்துக்கு எப்படி போச்சுன்னு க்ரூம் பசங்க கிட்ட கேட்டுக்கினு இருந்தேன்.

அப்ப ரெண்டாவது பிளாஸ்மா நாலே நாள் வேல செஞ்சதுக்கு என்ன காரணம்?


வெட்நர்ஸ்_மாரிட்ஸ்பர்க்
புதன், காலை 7.15

இதுக்கு நான் சொல்றேன், ஏன்னா இது லேப்புக்கும் லாயத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். அக்கா சொன்ன எலி சுத்தமான கூண்டுல, வடிகட்டின காத்துல, கிருமி இல்லாத தீனில இருக்கு, அதுக்கு எதிரி ஒண்ணே ஒண்ணு, எது, எவ்ளோ, எப்பன்னு தெரியும், மருந்தும் அந்த ஒண்ணுக்குனே செஞ்சது. சிட்டு இருந்தது வைக்கோல் தூசில, சாணில, மத்த குதிரைங்க தும்மல்ல. அடினோ ஒரு பக்கம், நிமோசிஸ்டிஸ்னு ஒரு பூஞ்சை, ரோடோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா, குடல்ல கிரிப்டோனு ஒரு ஒட்டுண்ணி, வரிசைல நிக்கும். பிளாஸ்மால பெரிய குதிரை வாழ்க்கைல பாத்த எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆன்டிபாடி இருக்கும், ஆனா எதுக்கும் எலிக்கு குடுத்த மாதிரி குறி வச்ச கெட்டி டோஸ் கிடையாது. அதுவும் காய்ச்சல்ல இருக்கிற ஒடம்பு புரோட்டீன வேகமா செலவு பண்ணும். முதல் பிளாஸ்மா போட்டப்ப சீம்பால் மிச்சம் கொஞ்சம் இருந்திருக்கும், ரெண்டாவதுல அதுவும் இல்ல. நாலு நாள் ஆச்சரியமே இல்ல.

பிளாஸ்மா உருப்படாத மருந்துனு யாரும் நெனைக்காதீங்க. சீம்பால் கிடைக்காம போன நல்ல குட்டிக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் ஏத்தினா அது உயிர். அந்த குட்டிக்கு சொந்த செல்லு இருக்கு, ரெண்டு மாசம் தாக்குப்பிடிச்சா போதும், அப்றம் அதுவே பாத்துக்கும். பிளாஸ்மா பாலம், அக்கரைல ஆளு நிக்கணும்.


போர்ட்லூயி_பேரன்
புதன், காலை 9.50

மொரிஷியஸ்லேந்து எட்டிப்பாத்துட்டு போறேன். அப்ப பல ஆன்டிபாடிய விட்டுட்டு ஒரே கெட்டி மோனோகுளோனல மாசா மாசம் போட்டுக்கிட்டே இருந்தா? காசு இருக்கிறவன் பந்தயக் குதிரைக்கு செய்வானே.


சுண்டெலி_டர்பன்
புதன், மதியம் 1.05

குதிரை அடினோக்கு அப்படி ஒரு மருந்து சந்தைல நான் பாத்ததில்ல தம்பி. இருந்தாலும் வேற ஒரு வம்பு இருக்கு. எதிர்ப்பு சக்தி இல்லாத ஒடம்புல வைரஸ் ரொம்ப நாள் இருக்கும், அங்க ஒரே ஒரு ஆன்டிபாடிய நிறுத்தி வச்சா வைரஸ் அதுக்கு தப்பிக்கிற மாதிரி மாறும். நான் மேல சொன்ன எம்2 புரோட்டீனுக்கான ஆன்டிபாடிங்கள ஸ்கிட் எலிங்களுக்கு குடுத்து பாத்தாங்க, 2005ல வந்துச்சு, எம்2ல 10வது எடத்துல ஒரு எழுத்து மாத்திக்கிட்டு வைரஸ் வெளிய வந்துடுச்சு.

இத நாம டர்பன்ல இருந்துக்கிட்டு எலில தேட வேண்டியதில்ல. ஹெச்ஐவி முத்தி எதிர்ப்பு சக்தி விழுந்துபோன ஒரு நோயாளி ஒடம்புல கோவிட் வைரஸ் மாசக்கணக்குல இருந்து மாறிக்கிட்டே போனத இங்க நம்ம ஊர் விஞ்ஞானிங்க தான் பின்தொடர்ந்தாங்க. 2021 நவம்பர்ல ஒமிக்ரான்னு தென்னாப்பிரிக்கா அறிவிச்சப்புறம் அதுவரைக்கும் வேல செஞ்ச மோனோகுளோனல் மருந்துல பலது ஒவ்வொண்ணா மூலைக்கு போச்சு. அப்ப எங்க கேன்டீன்ல பேச்சே அது தான், பன்னி சௌ (ரொட்டிக்குள்ள கறிக்குழம்பு) ஆறிப்போனது கூட தெரியாம சண்ட போட்டோம்.


சாட்ஸ்வர்த்_வாத்தியார்
புதன், இரவு 7.40

1918ல எங்க பாட்டி வீட்டுல ரெண்டு பேர் போனாங்க, அப்ப இந்த நாட்டுல மட்டும் சுமார் 3 லட்சம் பேர்னு சொல்வாங்க. அப்பவும் பொழைச்சவங்க ரத்தத்த எடுத்து நோயாளிக்கு ஏத்தி பாத்திருக்காங்க சில நாட்டுல. நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் எங்க, கரும்பு லைன்ல கஷாயம் தான்.

தம்பி குதிரைக்காரா, ஒண்ணு கேக்கறேன். இது பரம்பரை வியாதின்னா ராணியோட அடுத்த குட்டி?


வெட்நர்ஸ்_மாரிட்ஸ்பர்க்
புதன், இரவு 8.12

ஐயா கேட்டது தான் இப்ப முக்கியம். அப்பன் அம்மா ரெண்டு பக்கமும் காரியரா, அதாவது கெட்ட ஜீன் ஒரு காப்பி வச்சிருக்கிறதா, இருந்தா தான் குட்டிக்கு வரும், நாலுல ஒண்ணு கணக்கு. காரியர் பாக்க ஒண்ணும் தெரியாது, ஆரோக்கியமா ஓடும், எண்டுரன்ஸ் ரேஸ்ல ஜெயிக்கும். 1997லயே ஜீன கண்டுபிடிச்சுட்டாங்க, அமெரிக்கால அப்ப அரேபியன்ல எட்டு சதவீதம் கிட்ட காரியர். பிடரி முடிய வேரோட புடுங்கி லேப்புக்கு அனுப்பினா தெரிஞ்சுடும். காரியர்னு வந்தா கொல்லவோ விக்கவோ வேணாம், க்ளியரான, அந்த ஜீன் இல்லாத குதிரையோட மட்டும் சேருங்க, ஒரு குட்டிக்கும் வியாதி வராது, பாதி குட்டி காரியரா இருக்கும் அவ்ளோதான்.

சிட்டு ஸ்கிட்டோட பொறந்துச்சுன்னாலே ராணியும் அப்பனும் ரெண்டும் காரியர் அண்ணா. டெஸ்ட் வெறும் பேப்பருக்கு தான்.


மூய்ரிவர்_குதிரைக்காரன்
புதன், இரவு 9.55

அத சொன்னா முதலாளி கேக்க மாட்டாரு. சிட்டுவோட அப்பன், அந்த ஸ்டாலியன (ஆண் குதிரை) வாங்கினப்ப வித்தவங்க "க்ளியர்"னு வாயால தான் சொன்னாங்க, பேப்பர் குடுக்கல, நாங்களும் கேக்கல. இந்த சீசன்ல அது இன்னும் அஞ்சு மேர் (பெண் குதிரை) மேல ஏறியிருக்கு, வெளிய பண்ணைது ரெண்டு. இப்ப வாயத்தொறந்தா எத்தன பேருக்கு பதில் சொல்லணும்.

நாளைக்கு காலைல முடி புடுங்கறேன். ஸ்டாலியனுது, அஞ்சு மேரோடதும். ராணியோடத நான் ஏற்கனவே ஒரு கவர்ல போட்டு பக்கி வண்டில வச்சுட்டேன்.


சுண்டெலி_டர்பன்
வியாழன், காலை 6.50

வேர் இருக்கணும் அண்ணா, வெட்டின முடி ஆகாது. ஒவ்வொரு குதிரைக்கும் தனி கவர், மேல பேர். கை கழுவிட்டு அடுத்தத தொடுங்க.


மூய்ரிவர்_குதிரைக்காரன்
மூணு வாரம் கழிச்சு, சனி, மாலை 4.30

ரிசல்ட் வந்துச்சு. ஸ்டாலியன் காரியர். ராணி காரியர். அஞ்சு மேர்ல நாலு க்ளியர், ஒண்ணு காரியர். அந்த ஒண்ணு வெளிய பண்ணைது, வயித்துல குட்டி இருக்கு. முதலாளி பேப்பர ரெண்டு தடவ படிச்சுட்டு எங்கிட்ட குடுத்து "நீயே போன் பண்ணு"ன்னாரு. பண்ணிட்டேன். அந்தம்மா அழுதாங்க, அப்றம் குட்டி பொறந்த அன்னைக்கு சீம்பால் குடிக்கறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து ஐஜிஎம் பாக்க சொல்லுங்கன்னு நீங்க சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டாங்க.